மஸ்டாங் ஜிடிக்குக் கோல்டு ஏர் இன்டேக்: பெரிய குழாயா, மூடிய பெட்டியா, கம்பெனிப் பெட்டியே போதுமா?

#1 பாலைவனக் குதிரை (ஃபீனிக்ஸ், அரிசோனா. 2016 மஸ்டாங் ஜிடி)

வணக்கம். இரண்டு மாதமாக இதே யோசனையாக இருக்கிறேன், அதனால் கேட்டுவிடுகிறேன். என் கார் 2016 மஸ்டாங் ஜிடி, 5.0 லிட்டர் கயோட்டி எஞ்சின், மேனுவல் கியர், 61,000 மைல் ஓடியிருக்கிறது. வாங்கிய நாள் முதல் எதையும் மாற்றவில்லை. முதல் மாற்றமாக ஒரு கோல்டு ஏர் இன்டேக் (வெளிக்காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் ஃபில்டரும் குழாயும்) போடலாம் என்று 400 டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, பெரிய விட்டமுள்ள குழாயும் திறந்த கூம்பு ஃபில்டரும் கொண்டது. ஈசியு ட்யூன் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றி அமைப்பது) கட்டாயம் என்று அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, ட்யூன் தேவையில்லை என்று விற்கப்படும் மூடிய பெட்டி வகை. கடைசியாக, காரோடு வந்த கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே பருத்தி ஃபில்டரை மாற்றிப் போடுவது. அது அறுபது, எழுபது டாலரில் முடிந்துவிடும்.

விளம்பரங்களில் 15, 20 குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். இங்கே கோடையில் 110 டிகிரி பாரன்ஹீட் சாதாரணம். இந்த வெயிலில் குளிர்ந்த காற்று எங்கிருந்து வரும் என்பதும் எனக்குப் புரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 எட்டு உருளை (ஹூஸ்டன், டெக்சாஸ். 2018 சேலஞ்சர் ஸ்கேட் பேக்)

தம்பி, தயங்காமல் போடுங்கள். என் 6.4 லிட்டர் ஹெமி எஞ்சினில் மூன்று வருடமாகத் திறந்த கூம்பு ஃபில்டர் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வரும் அந்த உறிஞ்சும் ஒலிக்கே கொடுத்த பணம் தகும். கம்பெனிப் பெட்டியில் ஒலியை அடக்குவதற்கென்றே ரெசனேட்டர் அறைகளை வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுத்துவிட்டால் வி8 எஞ்சின் மூச்சு விடுவது காதில் விழுகிறது. நான் ட்யூன் எதுவும் செய்யவில்லை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் ஒருநாளும் எரிந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஃபில்டரை பம்பருக்குக் கீழே, சக்கரத்தின் அருகே இறக்கி வைக்கும் வகையை வாங்காதீர்கள். எங்கள் ஊரில் மழை பெய்தால் தெருவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். எஞ்சின் ஒரு மிடறு தண்ணீரைக் குடித்தாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஃபீனிக்ஸிலும் பருவமழையின்போது சாலைகளில் வெள்ளம் ஓடும் அல்லவா?

#3 குழாய்மானி (ஒஹையோ. எஞ்சின் சோதனைக்கூடத்தில் வேலை)

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உங்கள் காரில் எவ்வளவு இழப்பு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள் பாலைவனக் குதிரை. இல்லாத நோய்க்கு மருந்து வாங்கிவிடக் கூடாது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக் காற்றை உள்ளிழுக்கும். உங்கள் 5 லிட்டர் எஞ்சின் 7,000 சுற்றில், உருளைகள் முழுக்க நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 17,500 லிட்டர் காற்றைக் கேட்கும். அடிக் கணக்கில் சுமார் 618 கன அடி. இந்த ஓட்டத்தில் ஃபில்டர், பெட்டி, வளைவுகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு அழுத்தத்தைத் தின்கின்றன என்பதே முதல் கேள்வி. வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். வழியில் 2 கிலோபாஸ்கல் இழந்தால் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றில் 2 சதவீதம் குறையும். அந்தத் தடையை அடியோடு நீக்கினாலும் 2 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்காது. உங்கள் காரின் 435 குதிரைத்திறனில் அது 9க்கும் குறைவு. தடையே இல்லாத இன்டேக் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வெப்பம். காற்றின் அடர்த்தி அதன் தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறும். 100 டிகிரி பாரன்ஹீட் காற்றுக்குப் பதிலாக எஞ்சின் அறையில் சூடாகிக் கிடக்கும் 150 டிகிரிக் காற்றை உறிஞ்சினால் அடர்த்தி 8 சதவீதம் விழும். மோசமான ஃபில்டர்கூட அவ்வளவு இழப்பைத் தராது. ஆகவே 'குளிர்' என்ற சொல்லுக்கு வெளிக்காற்றின் வெப்பநிலையிலேயே உள்ளே வரும் காற்று என்று மட்டும் பொருள். ஃபீனிக்ஸில் வெளியே 110 என்றால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகக் குளிர்ந்த காற்றும் 110தான். கம்பெனிப் பெட்டி கிரில்லுக்குப் பின்னாலிருந்து காற்றை எடுக்கிறது. பல திறந்த ஃபில்டர்கள் ஒரு தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்று எஞ்சின் அறைக் காற்றையும் சேர்த்து இழுக்கின்றன.

#4 எட்டு உருளை

அண்ணா, அது நின்றுகொண்டிருக்கும்போதுதானே? வேகமாக ஓடும்போது எஞ்சின் அறைக்குள் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கிறது. என் காரில் நெடுஞ்சாலையில் உள்காற்றின் வெப்பநிலை வெளியே இருப்பதைவிட 10, 12 டிகிரிதான் கூடுதலாகக் காட்டுகிறது.

#5 குழாய்மானி

ஓடும்போது நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று கிளம்பும்போது பாருங்கள், அங்கேதான் வேறுபாடு தெரியும்.

இதே காரணத்தால் உலோகக் குழாயா பிளாஸ்டிக் குழாயா என்ற நீண்ட சண்டையிலும் பெரிய பொருள் இல்லை. 10 சென்டிமீட்டர் விட்டமும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாய்க்குள் 4.7 லிட்டர் காற்று இருக்கும். முழு வேகத்தில் நொடிக்கு 290 லிட்டர் போகிறது. அதாவது காற்று அந்தக் குழாய்க்குள் தங்கும் நேரம் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் சுவரிலிருந்து எவ்வளவு சூடு ஏறிவிடும்? ஐடிலில் (கார் நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஓட்டம் மிகக் குறைவு என்பதால் அலுமினியக் குழாய் காற்றைச் சுட வைக்கும், வெப்பநிலை சென்சரையும் சுட வைக்கும். கிளம்பிய சற்று நேரத்தில் அது தணிந்துவிடும்.

#6 இளவேனில் (அட்லாண்டா. 2018 மஸ்டாங் ஜிடி, டிராக் பந்தயம்)

எட்டு உருளை, உங்கள் காரில் ட்யூன் இல்லாமல் ஒழுங்காக ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதை மஸ்டாங்குக்கு அப்படியே பொருத்திச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

இந்தத் தலைமுறை ஹெமி எஞ்சின்களில் காற்றை நேரடியாக அளக்கும் சென்சர் கிடையாது. மேனிஃபோல்டு (உருளைகளுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதி) அழுத்தம், காற்றின் வெப்பநிலை, சுற்று வேகம் மூன்றையும் வைத்து உள்ளே போன காற்றை ஈசியு கணக்கிடுகிறது. குழாயை மாற்றினாலும் அந்தக் கணக்கு பெரிதாகக் கெடாது. கயோட்டியில் அப்படி இல்லை. அதில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் இருக்கிறது. கமாரோ எஸ்எஸ்ஸின் எல்டி1 எஞ்சினிலும் இருக்கிறது. ஒரு சிறு சூடான கம்பி, அதைக் கடக்கும் காற்று அதைக் குளிரவைக்கும் அளவைக் கொண்டு எடை சொல்கிறது. கம்பி பார்ப்பது குழாயின் ஒரு சிறு பகுதியை மட்டும்தான். மீதியை, இந்த விட்டமுள்ள குழாயில் இவ்வளவு ஓடும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த அட்டவணையிலிருந்து ஈசியு எடுத்துக்கொள்கிறது.

சென்சர் உட்காரும் இடத்தில் குழாயின் விட்டத்தை 80 மில்லிமீட்டரிலிருந்து 90 ஆக்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 27 சதவீதம் கூடிவிடும். அதே காற்று மெதுவாகக் கடக்கும், கம்பி குறைவாகக் குளிரும், காற்று குறைந்துவிட்டது என்று ஈசியு நம்பும். பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சர் பிழையைக் கண்டு திருத்தும். திருத்தம் எல்லை மீறினால் பி0171, பி0174 என்று இரண்டு பக்கத்துக்கும் 'கலவை மெலிவு' என்ற பழுதுக் குறியீடு விழும்.

இதில் எனக்குக் கோபம் வரும் ஒரு விஷயம் உண்டு. காற்று குறைவு என்று ஏமாந்த ஈசியு, எஞ்சின்மீது சுமை குறைவு என்றும் நினைக்கிறது. சுமை குறைவென்றால் ஸ்பார்க்கை முன்னதாகக் கொடுக்கும். மெலிந்த கலவை, முந்திய ஸ்பார்க் இரண்டும் சேர்ந்தால் டைனோவில் (காரின் பலத்தை அளக்கும் உருளை மேடை) எண் கூடித்தான் தெரியும். அதை இன்டேக் கொடுத்த பலம் என்று விற்கிறார்கள். நல்ல பெட்ரோலும் இதமான அறையும் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. 110 டிகிரி வெயிலில், மேடேறும்போது, நாக்கிங் (உருளைக்குள் கலவை தானாகவே வெடிப்பது) வந்தால் பிஸ்டன்தான் விலை கொடுக்கும். நாக் சென்சர் காப்பாற்றும் என்பார்கள். காப்பாற்றும். அது கடைசி அரண், அதை நம்பி தினமும் ஓட்டக் கூடாது.

பெரிய குழாய் வேண்டுமென்றால் ட்யூனுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். கையடக்கக் கருவியும் ட்யூனும் சேர்ந்தால் உங்கள் 400 டாலர் இரட்டிப்பாகும். ட்யூன் இல்லாமல்தான் போடுவேன் என்றால், சென்சர் இருக்கும் பகுதியின் உள்விட்டமும் அதற்கு முன்னால் உள்ள வலையும் கம்பெனிப் பொருளைப் போலவே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வலை காற்றோட்டத்தை நேராக்குவதற்காக இருக்கிறது, அழகுக்கு வைத்ததில்லை.

#7 எட்டு உருளை

நன்றி இளவேனில். என் காரில் ஏன் சிக்கல் வரவில்லை என்பது மூன்று வருடம் கழித்து இன்றுதான் எனக்குத் தெரிகிறது. மஸ்டாங்குக்கு நான் சொன்ன 'தயங்காமல்' என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒலியைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

#8 அறுபத்தொன்பது (மிச்சிகன். 1969 கமாரோ எஸ்எஸ் 350)

நான் கார்புரேட்டர் காலத்து ஆள். இந்தக் காரை என் கையால் கட்டி எழுப்பப் பதினோரு வருடம் ஆனது, அதனால் பழைய கதை ஒன்று சொல்ல இடம் கொடுங்கள்.

குளிர்காற்றுத் தேடல் மசில் காரோடு கூடவே பிறந்தது. போன்டியாக் ஜிடிஓவுக்கு 1965இலேயே ராம் ஏர் (வெளிக்காற்றை நேராக எஞ்சினுக்குள் விடும் ஏற்பாடு) வந்துவிட்டது. 1969 கமாரோவுக்குக் கௌல் இண்டக்ஷன் பானட்டைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். அதன் திறப்பு முன்பக்கம் பார்க்காது, கண்ணாடியைப் பார்த்துப் பின்பக்கம் திறக்கும். கார் ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்று முட்டித் தேங்கும், அங்கே அழுத்தம் கூடுதல். முழு ஆக்சிலரேட்டரில் மடல் திறந்து அந்தக் காற்றை நேராக ஏர் கிளீனருக்குள் விடும். பிளிமத் 'குடாவிலும் 1970 மஸ்டாங்கிலும் ஷேக்கர் உண்டு; எஞ்சின்மேல் நேரடியாகப் பூட்டிய மூக்கு பானட்டைத் துளைத்து வெளியே நின்று, எஞ்சினோடு சேர்ந்து ஆடும். பிற்காலத்தில் டாட்ஜ்காரர்கள் ஹெல்கேட்டில் ஓட்டுநர் பக்க விளக்கு வளையம் ஒன்றையே காற்றுத் துளை ஆக்கினார்கள்.

என் காரில் 14 அங்குல வட்ட ஏர் கிளீனர் திறந்தபடி கார்புரேட்டர்மேல் உட்கார்ந்திருந்தது. ஜூலை மாதம் போக்குவரத்து நெரிசலில் நின்றால் எஞ்சின் திணறும். கௌல் பானட் போட்டு, ஏர் கிளீனருக்கும் பானட்டுக்கும் இடையே ஃபோம் வளையம் வைத்து மூடினேன். திணறல் போயிற்று. ஃபில்டரும் கார்புரேட்டரும் அதேதான், ஒரு திருகாணிகூட மாற்றவில்லை. சூடான காற்றின் வழியை அடைத்தேன், அவ்வளவுதான். எந்த இன்டேக் வாங்கினாலும் அதன் விளிம்பு பானட்டோடு ஒட்டி மூடுகிறதா என்பதை முதலில் பாருங்கள் தம்பி. விளிம்பு ரப்பரில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பெட்டி இருந்தும் இல்லாத கணக்கு.

#9 குழாய்மானி

ஐயா சொன்ன ஃபோம் வளையத்தைப் பத்து விளம்பரங்களுக்கு மேலாக மதிக்கிறேன்.

ராம் ஏர் என்ற பெயரைக் கேட்டு அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். 60 மைல் வேகத்தில் காற்று முட்டுவதால் எழும் அழுத்தம் முழுமையாகக் கிடைத்தாலும் அரை சதவீதம்கூட இல்லை. 120 மைலில் 1.7 சதவீதம். மூக்கின் பெரும் பயன் வெளிக்காற்றைக் கொண்டுவருவது.

பாலைவனக் குதிரை, இப்போது அளக்கும் வழி. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதியளவு நிறமேற்றிய தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறுமுனையை ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் (காற்றின் வழியைத் திறந்து மூடும் வால்வு) நடுவே இணைக்க வேண்டும். கிராங்க்கேஸ் காற்றோட்டக் குழாய் (எஞ்சினின் அடிப்பகுதிக்குக் காற்றோட்டம் தருவது) இன்டேக்கில் சேரும் இடத்தில் ஒரு டி இணைப்பு போட்டால் போதும். த்ராட்டிலுக்குப் பின்னால் மறந்தும் இணைக்காதீர்கள். அங்கே ஐடிலில் இருக்கும் வெற்றிடம் தண்ணீரை மொத்தமாக எஞ்சினுக்குள் உறிஞ்சிவிடும். யு குழாயின் ஒவ்வொரு காலும் இரண்டு அடி உயரமாவது இருக்கட்டும். டைனோவில், பானட்டை மூடி, முழு ஆக்சிலரேட்டரில் இரண்டு கால்களுக்கும் இடையே தண்ணீர் மட்டம் எத்தனை அங்குலம் விலகுகிறது என்று கைபேசியில் படமெடுங்கள். நான்கு அங்குல நீர் ஏறக்குறைய 1 சதவீத இழப்பு. இந்தக் கருவிக்குப் பத்து டாலர் ஆகாது.

வெப்பநிலைக்கு ஓபிடி ரீடர் (காரின் கணினியிலிருந்து தகவலைப் படிக்கும் கருவி) போதும். உள்காற்று வெப்பநிலையையும் வெளி வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள்.

#10 பாலைவனக் குதிரை

இவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் நன்றி. கருவியைச் செய்துவிடுகிறேன். ஒரு விஷயத்தை முதல் பதிவில் சொல்ல மறந்துவிட்டேன். வேலை மாற்றம் உறுதியானால் அடுத்த ஆண்டு சான் ஹோசேவுக்குக் குடிபெயர்வோம். அது இதில் ஏதாவது மாற்றத்தைக் கொண்டுவருமா?

#11 வளைகுடா வளவன் (ஓக்லாந்து, கலிபோர்னியா. 2017 கமாரோ எஸ்எஸ்)

மாற்றமா! முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே அதுதான் நண்பரே.

கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பாதிக்கும் எந்த மாற்றுப் பாகத்துக்கும் மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்கு வேண்டும். அதை எக்ஸிகியூட்டிவ் ஆர்டர் என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து வரும் 2016 காரை இங்கே பதிவு செய்யும்போதே ஸ்மாக் (புகை மாசு) பரிசோதனை நடக்கும். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பரிசோதிப்பவர் பானட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பார். இன்டேக்கில் ஆணை எண் ஒட்டிய லேபிள் இல்லையென்றால், புகை எவ்வளவு சுத்தமாக வந்தாலும் தேறாது.

அந்த எண் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. இந்தப் பாக எண், இந்த மாடல், இந்த ஆண்டுகள் என்று குறிப்பிட்டுக் கொடுக்கப்படுவது. ஒரே நிறுவனத்தின் ஒரு இன்டேக்குக்கு எண் இருக்கும், அதே வரிசையில் அடுத்ததற்கு இருக்காது. விற்பவரின் பேச்சை நம்பாமல் வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். 2021 ஜூலையிலிருந்து ஈசியு மென்பொருளையும் சரிபார்க்கிறார்கள். கார் நிறுவனத்தின் மென்பொருளோ, விலக்குப் பெற்ற மென்பொருளோ இல்லாவிட்டால் அங்கேயும் தோல்விதான். இளவேனில் சொன்ன பெரிய குழாய் வழி உங்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. கம்பெனிப் பெட்டிக்குள் போடும் மாற்று ஃபில்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

எனக்கு நடந்தது: முன்பு இருந்தவர் போட்ட இன்டேக்கோடு காரை வாங்கினேன். லேபிள் இல்லை. கம்பெனிப் பெட்டியைத் தேடி அலைந்து, பழைய பாகங்கள் விற்பவரிடம் 280 டாலர் கொடுத்து வாங்கிப் போட்ட பிறகுதான் தேறியது. நீங்கள் எதை மாற்றினாலும் கழற்றிய பெட்டியை ஒரு திருகாணி விடாமல் பத்திரப்படுத்துங்கள்.

#12 அறுபத்தொன்பது

என் காரைப் போன்றவற்றுக்கு அங்கே ஸ்மாக் பரிசோதனை கிடையாது, 1975க்கும் அதற்கு முந்தையதுக்கும் விலக்கு. புதிய கார்க்காரர்கள் பாடு கடினம்தான்.

#13 பாலைவனக் குதிரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டைனோ ஒன்றை அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்தேன். யு குழாயைப் பின்னிருக்கையில் கட்டி, நண்பர் படமெடுத்தார்.

காரில் இருந்த பழைய காகித ஃபில்டரோடு: 9 அங்குலம். ஃபில்டரை எடுத்துப் பார்த்தபோது மடிப்புக்குள் செம்மண் அப்பியிருந்தது. சென்ற ஆண்டின் புழுதிப் புயல்களைக் கணக்கில் வைத்தால் வியப்பில்லை.

அதே பெட்டியில் புதிய காகித ஃபில்டரோடு: 6 அங்குலம்.

வெப்பநிலையையும் பார்த்தேன். நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் உள்காற்று வெளியைவிட 9 டிகிரி பாரன்ஹீட் கூடுதல். சிக்னல்களில் நின்று நின்று பத்து நிமிடம் ஊர்ந்தபோது 38 டிகிரி கூடுதல். பிறகு வேகமெடுத்ததும் ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கிவிட்டது.

குழாய்மானி அண்ணாவின் கணக்குப்படி 6 அங்குலம் என்றால் 1.5 சதவீதம், 435இல் ஆறரை குதிரைத்திறன். நான் 400 டாலர் கொடுத்துத் துரத்த இருந்தது அதில் ஒரு பங்கைத்தானா?

#14 குழாய்மானி

ஆம். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஃபில்டரை மாற்றியதிலேயே 3 அங்குலம் திரும்பக் கிடைத்துவிட்டது. புது இன்டேக் வாங்கியவர்கள் பெரும்பாலும் அழுக்கான பழைய ஃபில்டரோடுதான் ஒப்பிடுகிறார்கள். அதில் ஒரு பகுதி வெறும் சுத்தத்தின் பலன்.

#15 இளவேனில்

டைனோ தாள்களை ஒப்பிடும்போது திருத்தக் காரணியையும் (அன்றைய வெப்பம், அழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிக்கட்டுவது) பாருங்கள். எஸ்ஏஇ ஜே1349 முறையில் எடுத்ததை, எஸ்டிடி என்று குறிக்கும் பழைய முறையில் எடுத்ததோடு ஒப்பிட்டால், எதையும் மாற்றாமலேயே பழைய முறையின் எண் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும். உங்கள் காரில் அது 15 குதிரைத்திறனைத் தாண்டும். பானட் திறந்திருந்ததா, மின்விசிறி எங்கே நின்றது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, எந்த ஓட்டம் முதலில் எடுத்தது என்றெல்லாம் எழுதாத தாளை நான் படிப்பதே இல்லை.

#16 எட்டு உருளை

ஃபில்டரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. எண்ணெய் தடவிய பருத்தியா, உலர் ஃபில்டரா? கே அண்ட் என் போன்றவை எண்ணெய் பூசிய பருத்திக்குப் பெயர் பெற்றவை. ஏஎஃப்இ இரண்டு வகையும் தருகிறது. என்னுடையது எண்ணெய் பூசியது, 50,000 மைல் ஆகிவிட்டது, குறையில்லை.

#17 இளவேனில்

உங்கள் ஹெமியில் மாஸ் ஏர்ஃப்ளோ கம்பி இல்லை, அதனால் எண்ணெய் படிந்து கெட அங்கே ஒன்றுமில்லை. மஸ்டாங்கில் எச்சரிக்கை வேண்டும். நானே அனுபவித்தேன். ஃபில்டரைக் கழுவிவிட்டு, கூடுதலாக இருந்தால் நல்லது என்று எண்ணெயைத் தாராளமாகத் தெளித்து, ஊறக்கூட விடாமல் மாட்டினேன். இரண்டு வாரத்தில் ஐடில் ஆடத் தொடங்கியது. கம்பியில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதன்மேல் தூசியும் ஒட்டியிருந்தன. அந்தச் சென்சருக்கென்றே விற்கும் கிளீனரைத் தெளித்து, கை படாமல் உலரவிட்டதும் சரியானது. தவறு என்னுடையது, ஃபில்டருடையது இல்லை.

ஃபீனிக்ஸில் இருக்கும்வரை காகிதத்தையே பரிந்துரைப்பேன். புழுதிப் புயலில் வருவது நுண்ணிய மணல். அது உள்ளே போனால் பிஸ்டன் வளையத்தையும் உருளைச் சுவரையும் தேய்க்கும். தூசியைப் பிடிக்கும் திறனை ஐஎஸ்ஓ 5011 தரப்படி சோதித்து, முடிவை வெளியிடும் நிறுவனத்தின் ஃபில்டரை வாங்குங்கள். ஓட்டம் எவ்வளவு கூடும் என்று மட்டும் சொல்லி, தூசியைப் பற்றி வாய் திறக்காத பொருளை எடுக்க வேண்டாம்.

#18 பாலைவனக் குதிரை

முடிவு செய்துவிட்டேன். இங்கே இருக்கும்வரை கம்பெனிப் பெட்டி, புதிய காகித ஃபில்டர். புழுதிக் காலம் முடிந்ததும் மறுபடி மாற்றிவிடுவேன். பவர்டிரெயின் உத்தரவாதம் 60,000 மைலோடு முடிந்துவிட்டது, அந்தக் கவலை எனக்கில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். எட்டு உருளை அண்ணா சொன்ன அந்த ஒலி எனக்கும் வேண்டும். பலத்துக்காக என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது அந்தக் குரலைக் கேட்கத்தான் ஆசை. சான் ஹோசே போனதும், ஆணை எண் உள்ள மூடிய பெட்டியாகப் பார்த்து வாங்குவேன்.

#19 எட்டு உருளை

இதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது தம்பி. ஒலிக்காக வாங்குவதும் நியாயமான காரணமே. வாங்கும்போது மூடி பிளாஸ்டிக்கா, ஊடுருவிப் பார்க்கக்கூடியதா என்பதைவிட, அறுபத்தொன்பது ஐயா சொன்ன விளிம்பு ரப்பரைப் பாருங்கள்.

#20 பாலைவனக் குதிரை

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். சான் ஹோசே வந்தாயிற்று. கம்பெனிப் பெட்டியோடு ஸ்மாக் தேறி, பதிவு முடிந்த பிறகே இன்டேக்கை வாங்கினேன். மூடிய பெட்டி, உலர் ஃபில்டர், சென்சர் இருக்கும் பகுதி கம்பெனி விட்டமே. வாரியத்தின் பட்டியலில் என் ஆண்டும் பாக எண்ணும் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டினேன். 370 டாலர்.

மாட்டிய மறுநாளே பி0171, பி0174 இரண்டும் வந்தன. நெஞ்சு படபடத்தது. இளவேனில் அக்கா எழுதியதைத் திரும்பப் படித்தேன். விட்டம் மாறவில்லை, அப்படியானால் அளக்கப்படாத காற்று வேறெங்கோ நுழைகிறது என்று தோன்றியது. கிராங்க்கேஸ் காற்றோட்டக் குழாயின் இணைப்பை நான் முழுதாக அழுத்தவில்லை. கையால் தள்ளியதும் 'டக்' என்று உட்கார்ந்தது. நீண்டகால எரிபொருள் திருத்தம் (ஈசியு கூடுதலாக விடும் பெட்ரோல்) 17 சதவீதத்திலிருந்து சில நாள் ஓட்டத்தில் 3க்கு வந்துவிட்டது. மாட்டுவதற்கு முன் அது 2 ஆக இருந்தது.

யு குழாயையும் மறுபடி மாட்டினேன். 4 அங்குலம். முன்பு 6. அரை சதவீதம் கிடைத்திருக்கிறது, இரண்டு குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டும்போது அது தெரியவில்லை. ஒலி தெரிகிறது. 4,000 சுற்றைத் தாண்டியதும் முன்னாலிருந்து ஆழமாக ஒரு குரல் எழுகிறது. மனைவியும் ஒருமுறை சன்னலை இறக்கிக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை அழுத்தச் சொன்னார்.

#21 இளவேனில்

17இலிருந்து 3 என்றால் நலம். எனக்கு 10ஐத் தாண்டினாலே சந்தேகம் வந்துவிடும். குழாய்க் கிளாம்ப்களை நூறு மைல் ஓடிய பிறகு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சிலிக்கோன் இணைப்பு சூட்டில் சற்று இளகி அமரும். மிகையாக முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் குழாய் நசுங்கும்.

#22 வளைகுடா வளவன்

லேபிளை ஒட்டிவிட்டீர்களா? பலர் அதைக் கையேட்டோடு மேசையறைக்குள் போட்டுவிடுகிறார்கள். பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், சூடு தாக்காத உலோகத்தில் ஒட்டுங்கள்.

#23 பாலைவனக் குதிரை

ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குத் தகட்டில் ஒட்டியாயிற்று. கழற்றிய கம்பெனிப் பெட்டி, திருகாணிகளோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

#24 அறுபத்தொன்பது

தம்பி, அந்த யு குழாயை என் கமாரோவிலும் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. மடல் மூடியபோது எவ்வளவு, திறந்தபோது எவ்வளவு என்று ஐம்பது வருடக் கேள்வி ஒன்று மனதில் கிடக்கிறது. என்ன அளவுக் குழாய் வாங்கினீர்கள்?

#25 பாலைவனக் குதிரை

உள்விட்டம் கால் அங்குலம் ஐயா. யு வடிவத்துக்கு ஐந்து அடி, பானட்டிலிருந்து சன்னல் வழியாக உள்ளே வருவதற்கு எட்டு அடி. பலகையும் குழாயும் இனி எனக்குத் தேவைப்படாது. தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள், தபாலில் போட்டுவிடுகிறேன்.